மீட்டர் பார்க்க வந்தவர்

பூமிநாதன் மின்துறையிலிருந்து ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிவிட்டது. ஆனால் சட்டைப் பையில் டெஸ்டர் இல்லாமல் இன்னமும் அவர் வாசற்படி இறங்குவதில்லை. முப்பத்து மூன்று வருடம் கம்பத்தில் ஏறி இறங்கிய மனிதர். கீழே நிற்கிறவன் ‘லைன் ஆஃப் பண்ணியாச்சு, தைரியமா கை வைங்க’ என்று குலதெய்வத்தின் மேல் சத்தியம் செய்தாலும், தானே ஒருமுறை சோதித்துப் பார்க்காமல் கம்பியைத் தொடமாட்டார். பத்து விரலும் பத்திரமாக ரிட்டையர் ஆனது அதனால்தான். கம்பிக்கு அது சரி. பெண்ணின் கல்யாணத்துக்கும் அதே டெஸ்டரைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார் என்பதுதான் வினை.

பெண் இனியா. ஒரே மகள், இருபத்தாறு வயது, தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். நெடுங்காட்டுக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை பெயர் நெடுமாறன். அப்பா திருஞானசம்பந்தம் பத்து மா நிலத்தில் விவசாயம் செய்கிறவர், அதிர்ந்து பேசத் தெரியாதவர். அம்மா வடிவாம்பாள் அவருக்கும் சேர்த்துப் பேசுகிறவர். ஜாதகத்தில் ஒன்பது பொருத்தம். பையனுக்குச் சிக்கிமில் மிலிட்டரி வேலை. லீவு கிடைத்து ஆவணியில் வந்து பெண் பார்க்கட்டும், அதுவரை இரண்டு பேரும் போனில் பேசிக்கொள்ளட்டும் என்று பெரியவர்கள் நேரில் சந்திக்காமல் தரகர் மூலமாகவே முடிவு செய்தார்கள்.

பேசினார்கள். அவன் இருக்கும் முகாமில் சிக்னல் கிடையாதாம். பின்னால் இருக்கும் பாறையின் உச்சிக்கு ஏறினால்தான் இரண்டு கோடு வருமாம். தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு ஏறினான். நாற்பது நாள் தனக்காகப் பாறை ஏறுகிறவனை எந்தப் பெண்ணுக்குத்தான் பிடிக்காது? ஏழடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போதே இனியா போனை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விடுவாள். இங்கே காரைக்கால் தலத்தெருவில் எந்த மூலையில் நின்றாலும் சிக்னல் கிடைக்கும் என்பது வேறு விஷயம்.

பூமிநாதனின் மனைவி அஞ்சுகத்துக்கு மகளின் முகத்தைப் பார்த்துப் பார்த்தே வயிறு நிறைந்துவிட்டது. ஆனால் பூமிநாதனுக்கு ‘மிலிட்டரி’ என்ற அந்த ஒரு வார்த்தை மட்டும் தொண்டையில் மாட்டிக்கொண்டு இறங்கவில்லை.

காரணம் இல்லாமல் இல்லை. நாலு வருடத்துக்கு முன்பு அவருடைய அக்கா மகள் முத்தமிழுக்கு ஒரு மிலிட்டரி மாப்பிள்ளை வந்தான். யூனிபாரமில் போட்டோ, மூன்று சீல் வைத்த காகிதம், மீசை, எல்லாம் இருந்தது. ‘நான் பாத்துட்டேன்க்கா, தங்கமான பையன்’ என்று வாக்குக் கொடுத்தவர் சாட்சாத் நம் பூமிநாதன்தான். நிச்சயதார்த்தத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது தெரிந்தது, அந்தத் தங்கம் சென்னையில் ஒரு வணிக வளாகத்தில் கார் பார்க்கிங் டோக்கன் கிழித்துக்கொண்டிருந்தது. டோக்கன் கிழிப்பது ஒன்றும் இழிவான வேலை இல்லை, உண்மையைச் சொல்லியிருந்தால் யாரும் ஒன்றும் சொல்லியிருக்கமாட்டார்கள். முத்தமிழ் இப்போது வேறு நல்ல இடத்தில் வாழ்க்கைப்பட்டு இரண்டு பிள்ளைகளோடு சந்தோஷமாக இருக்கிறாள். ஆனால் அன்றைக்கு அக்கா தன்னைப் பார்த்த பார்வையைப் பூமிநாதனால் மறக்க முடியவில்லை. இன்னொரு முறை தன் வாக்கை நம்பி ஒரு பெண், அதுவும் தன் பெண், ஏமாந்து நிற்கக்கூடாது. அந்தப் பயம்தான் மனிதரைப் பிடித்து ஆட்டியது.

முதலில் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போனார். “சர்வீஸ் முடிச்சு வந்தவங்க விவரம்தாங்க எங்ககிட்ட இருக்கும். சர்வீஸ்ல இருக்கிறவங்களுக்கு அவங்க ரெக்கார்ட் ஆபீசுக்குத்தான் எழுதிப்போட்டுக் கேக்கணும். பதில் வர நாளாகும்” என்றார்கள். ஆவணிக்கு மூன்று வாரம்தான் இருந்தது.

பிறகு நெடுங்காட்டு டீக்கடையில் போய் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தார். “நெடுமாறனா? மிலிட்டரிதாங்க. லீவுக்கு வர்றப்பல்லாம் ரம் பாட்டில் கொண்டாருவானே!” என்றார் ஒருவர். தமிழ்நாட்டில் எந்த ஊரிலாவது இதைச் சொல்லியிருந்தால் அதற்கு மேல் சாட்சி வேண்டியதில்லை. மிலிட்டரி ரம் மிலிட்டரிக்காரனிடம்தான் இருக்கும். ஆனால் காரைக்காலில் தெருவுக்குத் தெரு விற்கிற சரக்கை வைத்து எந்த உண்மையை நிரூபிப்பது? டீக்காசைக் கொடுத்துவிட்டு எழுந்து வந்தார்.

மூன்றாவதாக ஒன்று செய்தார். அதை அவர் அஞ்சுகத்திடம்கூடச் சொல்லவில்லை.

பரணில் கிடந்த பழைய காக்கிச் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார். மூன்று நாள் தாடி, தலையில் வெயிலுக்குக் கட்டிய துண்டு, கையில் ஒரு பழைய நோட்டு. வண்டியைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு மாப்பிள்ளை வீட்டு வாசலில் போய் நின்றார்.

“கரண்ட் ஆபீஸ்லேர்ந்து வர்றேம்மா. மீட்டர் பாக்கணும்.”

“போன வாரம்தானே வந்து பாத்துட்டுப் போனாங்க?” என்றார் வடிவாம்பாள்.

“இது ஸ்பெஷல் செக்கிங்ம்மா.”

“ஒங்க பேரு?”

இதை அவர் யோசித்து வைத்திருக்கவில்லை. கூட வேலை பார்த்த ஒருவரின் பெயர் வாயில் வந்தது. “கலைவாணன்” என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று உள்ளே போனார்.

மீட்டரைப் பார்க்கிற பாவனையில் கூடத்தை அளந்தார். ஓரத்தில் ஒரு பெரிய தகரப் பெட்டி, கறுப்பு பெயின்ட் அடித்தது. அதன் மேல் வெள்ளை எழுத்தில் நெடுமாறனின் பெயரும், நீளமாக ஒரு நம்பரும், கடைசியில் ஓர் ஆங்கில எழுத்தும். பட்டாளத்து நம்பர். சட்டென்று சட்டைப் பையில் கிடந்த பழைய பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் குறித்துக்கொண்டார். ஆனால் குறித்த கையோடு சந்தேகமும் வந்தது. பெட்டி யார் வேண்டுமானாலும் வாங்கலாம், பெயின்ட் எங்கும் கிடைக்கும்.

அத்தோடு கிளம்பியிருக்கலாம். சமையலறையிலிருந்து “ஆ!” என்று சத்தம் வந்தது. மாவரைக்கப் போன வடிவாம்பாளைக் கிரைண்டர் ஷாக் அடித்திருந்தது. “ஆறு மாசமா இப்படித்தான் இருக்கு, செருப்புப் போட்டுக்கிட்டுத்தான் அரைக்கிறேன்” என்றார். இதைக் கேட்டுவிட்டு ஒரு மின்துறைக்காரன் சும்மா வரமுடியுமா? பூமிநாதன் மஞ்சள் டேப் சுற்றிய டெஸ்டரை எடுத்தார். பிளக்கைக் கழற்றினார், சுவரில் இருந்த பெட்டியைத் திறந்தார். எர்த் கம்பி விட்டுப்போய் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அரை மணி நேரம் வேர்க்க விறுவிறுக்க உட்கார்ந்து சரிசெய்து, வெறுங்காலோடு நிற்கச் சொல்லிக் கிரைண்டரை ஓட்டிக் காட்டிவிட்டு, வடிவாம்பாள் நீட்டிய மோரைக்கூட முழுசாகக் குடிக்காமல் ஓடி வந்தார்.

ஆக, கையில் இருந்தது ஒரு நம்பர் மட்டும்தான். அது மெய்யா பொய்யா என்று யாரிடம் கேட்பது?

காரைக்காலில் பட்டாளம் என்ற பேச்சு வந்தால் யாரிடம் போவார்கள்? சொல்தாவிடம்தான். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்களுக்கு இந்த ஊரில் அதுதான் பெயர். பூமிநாதனின் அப்பா காலத்திலும் அப்படித்தான், தாத்தா காலத்திலும் அப்படித்தான். மூன்றாவது வீட்டில் சொல்தா தியாகராசன் இருந்தார். எழுபத்தேழு வயது. பதினேழு வருடம் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து, அந்த நாட்டுப் பென்சனில் ராஜாவாக வாழ்கிறவர். பிரெஞ்சு தேசிய தினமான ஜூலை பதினாலாம் தேதி கோட்டில் மெடல்களைக் குத்திக்கொண்டு ஊர்வலத்தில் அவர் நடக்கிற நடையைப் பார்க்க ஒரு கூட்டமே நிற்கும்.

பூமிநாதன் விஷயத்தைச் சொன்னார். தியாகராசன் கண்ணை மூடிக் கேட்டார்.

“காயிதம் கீயிதம் எல்லாம் வேணாம் பூமி. போன தடவ வந்தவன் மூணு சீலு வெச்சுல்ல கொண்டாந்தான்? பட்டாளத்துல இருந்தவன் ஒடம்புலயே அது எழுதியிருக்கும். அவன் அசந்திருக்கிற நேரம் பாத்து ஒரு ஆர்டரு போடணும். ஒடம்பு தானா எந்திரிச்சு நிக்கும். மூளைக்கு அப்புறந்தான் தெரியும்.”

“அந்த ஆர்டரை நீங்கதாண்ணே போடணும்.”

“நான் போடாம வேற எவன் போடுவான் இந்தத் தெருவுல?” என்றார் தியாகராசன், மீசையைத் தடவிக்கொண்டே.

இவ்வளவு படித்த, பழுத்த இரண்டு மனிதர்கள் கூடிச் செய்த அந்தத் திட்டத்தில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. அது அவர்கள் கண்ணில் படவே இல்லை. இந்த ஊர்க்காரர்களைத் தவிர வேறு யாரும் அந்தத் தப்பைச் செய்திருக்கமாட்டார்கள்.

ஆவணி பிறந்தது. நெடுமாறன் லீவில் வந்து மூன்றாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, பெண் பார்க்க வந்தார்கள். பூமிநாதன் சவரம் செய்து, தலைக்கு மை அடித்து, வெள்ளைச் சட்டை போட்டு ஆளே மாறிப்போயிருந்தார். மை அடித்ததன் காரணம் அஞ்சுகத்துக்குத் தெரியாது. ‘பொண்ணுக்குக் கல்யாணமா, ஒங்களுக்கா?’ என்று கேட்டுச் சிரித்தாள். ஆனாலும் வடிவாம்பாள் உள்ளே வந்து உட்கார்ந்ததிலிருந்து அவரையே உற்று உற்றுப் பார்த்தார்.

“சம்பந்தியை எங்கயோ பாத்த மாதிரியே இருக்கு.”

“கடைத்தெருவுல பாத்திருப்பீங்க” என்று சொல்லிவிட்டுப் பூமிநாதன் தண்ணீர் கொண்டுவரும் சாக்கில் உள்ளே நழுவினார்.

பையன் பார்க்க லட்சணமாக இருந்தான். வேட்டி சட்டை, வெயிலில் கறுத்த முகம், பணிவான பேச்சு. தியாகராசனைத் தெருவில் பெரிய மனிதர் என்று அறிமுகம் செய்துவைத்தார்கள். அவர் மெடல் குத்தாத குறையாகக் கோட்டுப் போட்டுக்கொண்டு மூலை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கேசரியும் வாழைக்காய் பஜ்ஜியும் வந்தன. நெடுமாறன் கேசரித் தட்டைக் கையில் எடுத்தான். முதல் ஸ்பூனை வாயில் வைத்தான். ஆள் அசந்த நேரம்.

“கார்தவூ!”

தியாகராசன் போட்ட சத்தத்தில் ஜன்னல் கம்பி அதிர்ந்தது. திருஞானசம்பந்தம் பஜ்ஜியைக் கீழே போட்டார். வடிவாம்பாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். நெடுமாறன் மட்டும் கேசரியை நிதானமாக மென்று விழுங்கிவிட்டுப் பரிவோடு கேட்டான்.

“என்னங்க பெரியப்பா, பொரை ஏறிடுச்சா? தண்ணி தரட்டுங்களா?”

சொல்லிக்கொண்டே தன் டம்ளரை நீட்டினான்.

தியாகராசன் அதை வாங்கவில்லை. பூமிநாதனைப் பார்த்தார். இல்லை என்பதுபோலத் தலையை மெதுவாக இடமும் வலமும் ஆட்டினார்.

பூமிநாதனுக்கு அது போதும். எழுந்து சமையலறைக்குப் போனார். அஞ்சுகம் காப்பி ஆற்றிக்கொண்டிருந்தாள். பட்டுப்புடவையில் இனியா தட்டோடு தயாராக நின்றாள்.

“கலந்து பேசிட்டுச் சொல்றோம்னு அனுப்பிடலாம்” என்றார் தாழ்ந்த குரலில்.

அஞ்சுகத்தின் கையில் ஆற்றிய காப்பி பாதியில் நின்றது. “என்னங்க சொல்றீங்க?”

“பையன் பட்டாளம் இல்ல. அண்ணன் ஆர்டர் போட்டாரு. அவன் தண்ணி குடுக்கிறான்.” இனியாவின் பக்கம் திரும்பினார். “முத்தமிழுக்கு ஆனது ஒனக்கும் ஆவக்கூடாதும்மா. என்னை மன்னிச்சுடு.”

இனியா தட்டைக் கீழே வைத்தாள். அவள் முகத்தில் இருந்த வெளிச்சம் போனதைப் பார்க்க அவருக்கு என்னவோபோல் இருந்தது. ஆனால் போன வேகத்திலேயே அது திரும்பியும் வந்தது. கணக்கு டீச்சர் அல்லவா, எந்த வரியில் தப்பு என்று பார்த்துவிட்டாள்.

“அப்பா, பெரியப்பா எந்தப் பட்டாளத்துல இருந்தாரு?”

“பிரெஞ்சுப் பட்டாளத்துல.”

“அவரு?”

“நம்ம...” என்று ஆரம்பித்த பூமிநாதன் வாயை மூடவில்லை.

“நம்ம பட்டாளத்துல இந்தியிலதானே ஆர்டர் போடுவாங்க, பிரெஞ்சுலயா போடுவாங்க? பாரீசுல இருக்கிறவன் எந்திரிப்பான், சிக்கிம்ல இருக்கிறவன் எப்படிப்பா எந்திரிப்பான்?”

அஞ்சுகம் தலையில் அடித்துக்கொண்டாள். “இதுக்குத்தான் ரெண்டு பெரிய மனுசங்களும் ஒரு வாரமா குசுகுசுன்னு பேசினீங்களா?”

இனியா அதற்குள் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள். கல்லூரியில் மூன்று வருடம் என்.சி.சி.யில் இருந்தவள். குடியரசு தினத்தில் கடற்கரைச் சாலையில் நூறு பெண்களை அவள் ஒற்றைக் குரலில் நடத்திப்போனதைப் பூமிநாதனே கூட்டத்தில் நின்று கைதட்டிப் பார்த்திருக்கிறார்.

“இனியா, வேணாம்மா, வந்தவங்க என்ன நெனைப்பாங்க...” என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் அவள் கூடத்து வாசற்படியில் போய் நின்றுவிட்டாள். நெடுமாறன் பஜ்ஜியில் இருந்தான்.

“சாவ்... தான்!”

நாற்காலி பின்னால் போய்ச் சுவரில் மோதியது. அவன் எப்போது எழுந்தான் என்று யாருக்கும் தெரியாது. பார்க்கும்போது நின்றுகொண்டிருந்தான். குதிகால் இரண்டும் ஒட்டி, நெஞ்சு நிமிர்ந்து, வலது கைக் கட்டைவிரல் வேட்டிக் கரையோடு ஒட்டி, கண் எதிர்ச்சுவர்க் காலண்டரில் குத்தி நின்றது. இடது கையில் பிடித்த தட்டிலிருந்து ஒரு பருக்கை கேசரிகூடக் கீழே சிந்தவில்லை. வாயில் கடித்த பஜ்ஜி பாதி உள்ளே, பாதி வெளியே.

தியாகராசனின் கண் விரிந்தது. முழங்கால் வலியை மறந்து எழுந்து வந்தார். பரேடில் பார்வையிடுகிற அதிகாரியைப்போல அவனை ஒரு சுற்றுச் சுற்றினார். பாதங்களுக்கு நடுவே இருந்த இடைவெளியைக் குனிந்து பார்த்தார். கேசரிக்கு வந்த ஈ ஒன்று பறந்து போய் நெடுமாறனின் மூக்கு நுனியில் உட்கார்ந்தது. மெதுவாக மேலே ஏறிப் புருவம் வரை போனது. அவன் இமைக்கவில்லை.

“பூமி” என்றார் தியாகராசன். “பாஷைதான்யா வேற. நிக்கிறது ஒண்ணுதான். இது அசல் சரக்கு.”

சொல்லிவிட்டு அவனுக்கு எதிரே நின்று விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தார்.

பூமிநாதனுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. ஆனாலும் முப்பத்து மூன்று வருடப் பழக்கம் எங்கே போகும்? என்.சி.சி.யில் இருந்த பையன்கூட இப்படி நிற்கலாமே என்று உள்ளே ஒரு பல்லி கத்தியது. கடைசியாக ஒரே ஒரு சோதனை.

“தம்பி, ஒங்க நம்பரு?”

பஜ்ஜியை ஒரே விழுங்காக விழுங்கிவிட்டு, பார்வை காலண்டரை விட்டு நகராமல், மூச்சு விடாமல், ஒவ்வோர் எண்ணாக ஆங்கிலத்தில் சத்தமாகச் சொன்னான் நெடுமாறன். கடைசி எழுத்து, பிறகு நாயக் என்ற பதவி, பிறகு பெயர். அவன் சொல்லச் சொல்லப் பூமிநாதன் சட்டைப் பைக்குள் அவசரமாகக் கையை விட்டு பஸ் டிக்கெட்டை உருவினார். எண்ணுக்கு எண் ஒத்துப்போனது. பெட்டியைப் பார்க்காமல், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்கிற வேகத்தில் சொன்னான். உலகத்தில் எந்தப் பொய்யனும் அப்படிச் சொல்லமுடியாது.

‘அப்பாடா’ என்று அவர் மூச்சு விட்ட அதே நேரம், டிக்கெட்டோடு சேர்ந்து வெளியே வந்த டெஸ்டர் தரையில் விழுந்து, உருண்டு உருண்டு, நேராக வடிவாம்பாளின் காலடியில் போய் நின்றது.

வடிவாம்பாள் அதைக் கையில் எடுத்தார். சிவப்புக் கைப்பிடி, அதில் சுற்றிய மஞ்சள் டேப். டெஸ்டரைப் பார்த்தார். பூமிநாதனைப் பார்த்தார். தாடியை வைத்து, துண்டைக் கட்டி, மையை அழித்து மனசுக்குள் ஒட்டிப் பார்த்தார்.

“அட! மீட்டர் பாக்க வந்தவரு!”

கூடத்தில் ஈ பறக்கிற சத்தம்கூடக் கேட்டது. அது நெடுமாறனின் காதுப் பக்கம் போயிருந்தது.

“நீங்கதானே அன்னிக்கு வந்து கலைவாணன்னு பேரு சொன்னீங்க? ஒங்களுக்கு நன்றி சொல்லணும்னு ஒரு தூக்கு நிறையப் பலகாரம் பண்ணிக்கிட்டு நானும் இவரும் கரண்ட் ஆபீசுக்கே போனோம். கலைவாணன் ஆந்திரா பக்கம் யானத்துக்கு மாத்தலாகிப் போயி நாலு வருசமாச்சு, ஸ்பெஷல் செக்கிங்னு நாங்க யாரையும் அனுப்பலேன்னு சொல்லிட்டாங்க. வந்தவன் திருடனாத்தான் இருப்பான், பீரோவைப் பாருங்கன்னு பக்கத்துல நின்னவன் வேற பயமுறுத்தினான். நாங்க ஓடி வந்து நகைநட்டு, அண்டா, குண்டான் வரைக்கும் எடுத்துப் பாத்தோம்!”

அஞ்சுகம் புருஷனைப் பார்த்தாள். “ஏங்க?” என்றாள். அந்த ஒரு சொல்லில் முப்பது வருடக் குடித்தனமும் இருந்தது.

பூமிநாதனுக்கு நிற்கிற தரை பிளந்தால் தேவலை என்றிருந்தது. சர்வீஸில் இருக்கிறேன் என்று பொய் சொல்கிறவனைப் பிடிக்கப் போனவர், ரிட்டையர் ஆகி இரண்டு வருடம் கழித்துக் காக்கிச் சட்டை மாட்டி, சர்வீஸில் இருக்கிறேன் என்று பொய் சொல்லியிருக்கிறார். அதுவும் யானத்தில் இருக்கிறவன் பெயரில். இனி இந்த வீட்டில் யார் யாரை நம்புவது? நாற்பது நாள் மொட்டை மாடியில் நின்று பேசிய மகளின் கல்யாணத்தை, அவளைக் காப்பாற்றுகிறேன் என்று போய் அவரே கெடுத்துவிட்டார். கை தானாகக் குவிந்தது.

“தப்புதாம்மா. ஒரு தடவ ஏமாந்தவன். இன்னொரு தடவ ஆயிடக்கூடாதேங்கிற பயம். என் பொண்ணு மேல கோவப்படாதீங்க. அவளுக்கு இது ஒண்ணும் தெரியாது.”

அப்போது வடிவாம்பாளின் பக்கத்திலிருந்து குக்கர் விசில் மாதிரி ஒரு சத்தம் வந்தது. திருஞானசம்பந்தம். வந்ததிலிருந்து நாலு வார்த்தைகூடப் பேசாத மனிதர், தோள் குலுங்க, கண்ணில் நீர் வழியச் சிரித்துக்கொண்டிருந்தார்.

“வடிவு... நம்ம பய சர்வீஸ்ல இருக்கானான்னு பாக்க... இவரு... சர்வீஸ்ல இல்லாத ஆளு...” அதற்கு மேல் அவரால் முடியவில்லை.

முதலில் தியாகராசன் வெடித்தார். பிறகு அஞ்சுகம். வடிவாம்பாள் கோபமாக இருக்கத்தான் முயற்சி செய்தார். உதட்டைக் கடித்துப் பார்த்தார். அதற்குள் சிரிப்பு மூக்கு வழியாக வந்துவிட்டது.

“போங்கண்ணே! அன்னிலேர்ந்து அந்தக் கிரைண்டர் ஒரு தடவகூட ஷாக் அடிக்கல. திருட வந்தவன் எர்த்தைச் சரி பண்ணிட்டா போவான்னு நான் இவருகிட்ட சொன்னேன், கேளுங்க.” கண்ணைத் துடைத்துக்கொண்டு தொடர்ந்தார். “பொண்ணுக்காக ஆடி வெயில்ல அவ்வளவு தூரம் வந்து, கம்பியோட மல்லுக்கட்டிட்டுப் போயிருக்கீங்க. இப்படி ஒரு அப்பன் வளத்த பொண்ணு எங்க வீட்டுக்கு வந்தா எங்களுக்குத்தான் நல்லது.”

இத்தனை அமளியிலும் ஒருவன் மட்டும் அசையவில்லை.

“மன்னிக்கணும்” என்றான் நெடுமாறன், உதடு மட்டும் அசைய. “ஐ.டி. கார்டும் லீவ் சர்டிபிகேட்டும் என் சட்டைப் பையிலதாங்க இருக்கு. கேட்டிருந்தா அப்பவே காட்டியிருப்பேன்.”

தியாகராசன் அவன் பையில் கையை விட்டு இரண்டையும் எடுத்தார். நீட்டிப் பிடித்து, கிட்டே பிடித்துப் படித்தார். எல்லாம் இருந்தது. பெண் பார்க்க வந்த வீட்டில் மாப்பிள்ளையிடம் காகிதத்தைக் காட்டு என்று கேட்பது மரியாதை இல்லை என்று யாருமே கேட்கவில்லை. மரியாதையாகக் கேசரி சாப்பிடும்போது காதில் கத்தினார்கள்.

பூமிநாதன் காகிதத்தைப் பார்க்கவில்லை. பையனின் முகத்தைப் பார்த்தார். நாற்பது நாள் பாறை ஏறிய முகம். தன் மகள் சொன்ன ஒரு சொல்லுக்கு ஈ ஊர்ந்தாலும் நகராமல் நிற்கிற முகம். அவருக்கு மனசு நிறைந்துபோனது.

“உக்காருங்க மாப்புள்ள” என்றார்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது. அஞ்சுகம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். வடிவாம்பாள் கணவரின் தொடையில் ஒரு தட்டுத் தட்டினார். ஆனால் நெடுமாறன் உட்காரவில்லை.

“முடியாதுங்க மாமா. ஆர்டர் போட்டவங்கதான் எடுக்கணும்.”

எல்லாரும் வாசற்படியைப் பார்த்தார்கள். சற்று முன் வீட்டையே உலுக்கியவளுக்கு இப்போது குரல் வரவில்லை. இடுப்பில் செருகிய முந்தானையை அவசரமாக இழுத்து விட்டுக்கொண்டாள். கழுத்து வரை சிவந்து அப்பாவைப் பார்த்தாள்.

“சொல்லும்மா” என்றார் பூமிநாதன். “பாவம், காலு வலிக்கும்.”

“விஷ்ராம்” என்றாள் இனியா.

அது அடுத்த நாற்காலியில் இருந்தவருக்குக்கூடக் கேட்கவில்லை. கேட்க வேண்டியவனுக்குக் கேட்டது. அவன் இடது கால் ஓர் எட்டு விலகியது, உடம்பு தளர்ந்தது, இவ்வளவு நேரம் காலண்டரில் இருந்த கண் முதல்முறையாக அவள் பக்கம் வந்தது. ஈயை விரட்டிவிட்டு மிச்சக் கேசரியை எடுத்தான்.

ஆவணியிலேயே தட்டு மாற்றிக்கொள்வது என்று அங்கேயே பேசி முடித்தார்கள். கிளம்பும்போது வடிவாம்பாள் வாசலில் நின்று, மஞ்சள் டேப் சுற்றிய டெஸ்டரைப் பூமிநாதனின் கையில் கொடுத்தார்.

“பத்திரமா வெச்சுக்கிங்க சம்பந்தி. எங்க மோட்டார் கொட்டாயிலயும் ரெண்டு மாசமா ஷாக் அடிக்குது. ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போங்க.”

“நாளைக்கே வர்றேம்மா.”

“வாங்க. இந்தத் தடவ ஒங்க சொந்தப் பேருலயே வாங்க.”